பழைய பேட்டரி வண்டிக்குப் புதிய மின்கல அடுக்கு

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் கிரிவலப் பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவுகளில் லட்சக்கணக்கான மக்கள் நடந்து செல்லும் இப்பாதையில், மற்ற நாட்களில் ஓசையின்றி ஓடும் பேட்டரி வண்டிகளைக் காணலாம். பூக்கூடை ஏற்றிச் செல்பவர், பால் ஊற்றுபவர், கல்லூரி மாணவர் எனப் பலருக்கும் இவ்வண்டி ஏற்றதாக இருக்கிறது. பெட்ரோல் செலவு இல்லை. 25 கிலோமீட்டருக்கு உட்பட்ட வேகமும் 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டாரும் கொண்டு, முறைப்படி ஒப்புதல் பெற்ற வண்டியாக இருந்தால் பதிவு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை.

இவ்வண்டிகள் சில ஆண்டுகள் ஓடியபின் கைமாறுகின்றன. மிக மலிவான விலைக்கும் கிடைக்கின்றன. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். சட்டம், சக்கரம், மோட்டார் எல்லாம் நன்றாக இருக்கும். மின்கல அடுக்கு மட்டும் வலுவிழந்து போயிருக்கும். வாங்கியவர் மனத்தில் உடனே எழும் கேள்வி இது: "வண்டியின் மேல் 48 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. 48 வோல்ட் பேட்டரி ஒன்றை வாங்கி மாட்டினால் போதாதா?"

போதாது என்பதே விடை. ஏன் போதாது என்பதை விளக்கப் பள்ளி இயற்பியலே போதும். ஆனால் இதை வெறும் பாடமாக எண்ணிவிடக் கூடாது. 2022 மார்ச் மாதத்தில், நமக்கு அருகிலுள்ள வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றத்திற்கு வைத்திருந்த மின் ஸ்கூட்டர் ஒன்று தீப்பற்றியது. அந்தப் புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவருடைய மகளும் உயிரிழந்தனர். எனவே மின்கல அடுக்கின் தன்மையை அறிந்து வாங்குவது, பணத்தை மட்டுமன்றி உயிரையும் காக்கும் செயலாகும்.

அடுக்கினுள் அடங்கிய ஆற்றல்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். வேதி ஆற்றலை மின்னாற்றலாக மாற்றும் தனி ஒன்று மின்கலம். பல கலங்களைச் சேர்த்துக் கட்டியது மின்கல அடுக்கு. இதையே நாம் பேட்டரி என்கிறோம். கலங்களைத் தொடராக இணைத்தால் மின்னழுத்தம் கூடும். பக்க இணைப்பில் இணைத்தால் மின்னோட்டம் வழங்கும் கொள்ளளவு கூடும்.

48 வோல்ட், 24 ஆம்பியர்-மணி என்று குறித்த ஓர் அடுக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1152 வாட்-மணி. ஒரு வாட்-மணி 3600 ஜூல். ஆகவே இதனுள் இருப்பது சுமார் 41 லட்சம் ஜூல்.

இது எவ்வளவு பெரிது? அண்ணாமலை உச்சியின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர். வண்டியும் அதில் அமர்ந்தவரும் சேர்ந்து 150 கிலோகிராம் என்று கொள்வோம். அந்த எடையை 814 மீட்டர் உயர்த்த 150 × 9.8 × 814, அதாவது சுமார் 12 லட்சம் ஜூல் வேண்டும். காலடியில் உள்ள ஒரு பெட்டிக்குள் இந்த வேலையை மூன்று முறைக்கு மேல் செய்யக்கூடிய ஆற்றல் அடங்கியிருக்கிறது! மணிக்கணக்கில் சிறிது சிறிதாக வெளிவந்தால் அது பயணம். சில நிமிடங்களில் மொத்தமாக வெளிவந்தால் அது தீ. மின்கல அடுக்கைப் பொருத்தும்போது நாம் செய்யும் முன்னேற்பாடுகள் யாவும் இந்த இரண்டாவது நிலை நேராமல் தடுப்பதற்கே.

பழையது உண்மையில் கெட்டுவிட்டதா?

புதிதாக வாங்கும் முன் பழையதைச் சோதித்துப் பார்ப்பது நன்று. மலிவு விலைப் பேட்டரி வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் காரீய-அமில அடுக்குகள் நான்கு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். 1859-இல் பிரெஞ்சு அறிவியலர் காஸ்டன் பிளான்டே கண்ட அதே காரீயம், அதே கந்தக அமிலம்தான் இவற்றிலும் வேலை செய்கின்றன.

முழு மின்னேற்றத்திற்குப் பின் சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, ஒவ்வோர் அடுக்கின் மின்னழுத்தத்தையும் மல்டிமீட்டரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 12 வோல்ட், 55 வாட் கார் விளக்கு ஒன்றை அதன் முனைகளில் இணைத்து மீண்டும் அளவுங்கள். விளக்கு ஏறத்தாழ 4.5 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். நல்ல அடுக்கு ஒன்று 12.7 வோல்ட்டிலிருந்து 12.5-க்கு இறங்குவதாகக் கொள்வோம். குறைந்தது 0.2 வோல்ட். அதை 4.5-ஆல் வகுத்தால் அகத்தடை சுமார் 0.04 ஓம். அடுத்த அடுக்கு 12.5-லிருந்து 10.7-க்குச் சரிந்தால், அதன் அகத்தடை 0.4 ஓம், ஏறத்தாழ பத்து மடங்கு!

இரண்டும் விளக்கில்லாமல் அளந்தபோது ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டின என்பதைக் கவனியுங்கள். சும்மா இருக்கும் மின்கலத்தின் மின்னழுத்தத்தைப் பார்த்து அதன் உடல்நிலையைச் சொல்ல இயலாது. சுமை கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வண்டி 10 ஆம்பியர் இழுக்கும்போது முதல் அடுக்கினுள் 4 வாட் வெப்பம் உண்டாகும். இரண்டாவதில் 40 வாட். மேட்டுச் சாலையில் வண்டி மூச்சுத் திணறுவதற்கும் இருக்கைக்கடியில் சூடு ஏறுவதற்கும் இதுவே காரணம்.

நான்கில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றலாமா? கூடாது. தொடரிணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம்தான் பாயும். வலுக்குறைந்த பழைய அடுக்குகள் விரைவில் தீர்ந்துபோகும். மின்னேற்றும்போது விரைவில் நிரம்பிக் கொதிக்கும். நான்கையும் ஒரே வகையில், ஒரே நாளில் மாற்றுவதே முறை.

48 என்பது ஒரு பெயர்

இப்போது கட்டுரையின் மையத்திற்கு வருவோம். பெட்டியின் மேல் எழுதியுள்ள 48 என்பது அதன் பெயர். அதன் அளவு அன்று. மின்கல அடுக்கின் மின்னழுத்தம் நிறைந்திருக்கையில் ஒன்று, தீர்ந்திருக்கையில் வேறொன்று. ஒரே பெயரில் கடையில் விற்கும் மூன்று வகைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

காரீய-அமில வகை: நான்கு அடுக்குகளில் மொத்தம் 24 கலங்கள். மின்னேற்றி இதை ஏற்றத்தாழ 58 வோல்ட் வரை கொண்டு செல்லும். 42 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக்கூடாது.

நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் சேர்ந்த லித்தியம் அயனி வகை: ஒரு கலத்தின் இயல்பு மின்னழுத்தம் 3.6 வோல்ட், உச்ச வரம்பு 4.2. பதின்மூன்று கலங்களைத் தொடராக இணைத்தால் இயல்பளவு 46.8, முழு ஏற்றத்தில் 54.6 வோல்ட். இதையும் 48 வோல்ட் என்றே அழைக்கிறார்கள்.

லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் வகை: ஒரு கலம் 3.2 வோல்ட், உச்ச வரம்பு 3.65. பதினாறு கலங்கள் சேர்ந்தால் இயல்பளவு 51.2, முழு ஏற்றத்தில் 58.4 வோல்ட். இதற்கும் பெயர் 48 வோல்ட்தான். இவ்வகையில் பதினைந்து கலங்கள் கொண்டதும் உண்டு. அதன் உச்சம் 54.75.

இனி நேரக்கூடிய விபரீதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஒருவர் காரீய-அமில அடுக்கை எடுத்துவிட்டுப் பதின்மூன்று கல லித்தியம் அடுக்கை மாட்டுகிறார். ஆனால் வீட்டிலுள்ள பழைய மின்னேற்றியையே செருகுகிறார். முளையும் துளையும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. மின்னேற்றியோ 58 வோல்ட் வரை தள்ளப் பார்க்கிறது. 58-ஐ 13-ஆல் வகுத்தால் கலம் ஒன்றுக்கு 4.46 வோல்ட். வரம்பு 4.2 மட்டுமே!

வரம்பு மீறினால் என்ன ஆகும்? கலத்தின் எதிர்முனையில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் புக வேண்டிய லித்தியம், இடமின்றி வெளியே உலோகமாகப் படியத் தொடங்கும். மின்பகுளி சிதைந்து வாயு உண்டாகும். வெப்பம் உயரும். ஒரு நிலைக்குப் பின் வெப்பமே வேதிவினையை விரைவாக்க, விரைவான வினை மேலும் வெப்பத்தைத் தர, கட்டுக்கடங்காத தொடர்நிகழ்ச்சியாகிவிடும். ஒரு கலத்தில் தொடங்கிய தீ அடுத்த கலத்திற்குத் தாவும்.

ஆகவே முதல் விதி: மின்கல அடுக்கின் வகையை மாற்றினால் மின்னேற்றியையும் மாற்ற வேண்டும். பதினாறு கல பாஸ்ஃபேட் அடுக்கின் 58.4 வோல்ட், பழைய மின்னேற்றிக்கு ஒத்துவருகிறதே என்றும் மயங்க வேண்டாம். காரீய-அமில மின்னேற்றி, நிரம்பிய பிறகும் சிறு மின்னோட்டத்தை விடாமல் செலுத்திக்கொண்டிருக்கும். லித்தியத்திற்கு அது தேவையில்லை, தீங்கும் கூட.

இரண்டு லித்தியங்கள்

லித்தியம் அயனி மின்கலம் 1991-இல் சோனி நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. இதன் அடிப்படைகளை வகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அப்போது 97 வயதாகியிருந்த குட்இனஃப்பின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் பேருரையை ஆற்றியவர் ஒரு தமிழர். மதுரைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வுப் பட்டம் பெற்ற பேராசிரியர் ஆறுமுகம் மந்திரம்தான் அவர்.

லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட்டைப் பற்றிய முதல் ஆய்வுரை 1997-இல் குட்இனஃப்பின் டெக்சாஸ் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் அக்ஷய பாதி என்னும் இந்தியர். இவ்வகையில் ஆக்சிஜன் அணுக்கள் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்துள்ளன. சூடேறினாலும் எளிதில் விடுபடுவதில்லை. மற்ற வகையின் ஆக்சைடு, மிகுந்த சூட்டில் ஆக்சிஜனை வெளிவிடும். தீக்கு அதுவே துணையாகும். பாஸ்ஃபேட் அடுக்கு சற்றுக் கனமானது. ஆயினும் கோடையில் 40 டிகிரி செல்சியசைத் தொடும் நம் பகுதிக்கு அதுவே கூடுதல் பாதுகாப்பானது எனலாம்.

எடையில் லித்தியத்தின் சிறப்பு தெளிவு. நாம் கண்ட 1152 வாட்-மணிக்குக் காரீய-அமில அடுக்கு சுமார் 30 கிலோகிராம் இருக்கும். லித்தியம் அடுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியிருக்கும். ஓடும் தூரத்திலும் வேறுபாடு உண்டு. கிலோமீட்டருக்கு 20 வாட்-மணி செலவு என்று தாராளமாகவே கொள்வோம். நெடுநாள் உழைக்க வேண்டுமானால் காரீய-அமில அடுக்கைப் பாதிக்கு மேல் தீர்க்கக் கூடாது. ஆகவே 28 கிலோமீட்டர், அதாவது கிரிவலப் பாதையில் இரண்டு சுற்று. லித்தியத்தில் எண்பது விழுக்காடு வரை பயன்படுத்தலாம்; மூன்று சுற்றுக்கு மேல் வரும்.

காவலாள் யார்?

லித்தியம் அடுக்கினுள் ஒரு சிறு மின்னணுச் சுற்று உண்டு. பி.எம்.எஸ். என்று கடைக்காரர்கள் சொல்வது இதைத்தான். ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் அடுக்கின் வெப்பநிலையையும் கவனித்து, வரம்பு மீறினால் இணைப்பைத் துண்டிப்பது இதன் வேலை. பழைய மின்னேற்றியால் வரும் ஆபத்தையும் இது தடுக்கக்கூடும். ஆனால் காவலாள் இருக்கிறார் என்பதற்காகக் கதவைத் திறந்துபோட்டு உறங்குவார் உண்டோ? பி.எம்.எஸ். கடைசிக் காப்பு; முதல் காப்பு சரியான மின்னேற்றியே.

இச்சுற்று எத்தனை ஆம்பியர் வரை தாங்கும் என்பதைக் கேட்டறிய வேண்டும். 250 வாட் மோட்டார் சமதரையில் 5 ஆம்பியர் அளவே எடுக்கும். புறப்படும்போதும் மேடு ஏறும்போதும் அது பலமடங்காகும். வண்டியின் கட்டுப்படுத்தி, அதாவது கன்ட்ரோலர் மேல் அதன் உச்ச மின்னோட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். பி.எம்.எஸ். தொடர்ந்து தாங்கும் மின்னோட்டம் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிடில் மேட்டின் நடுவில் வண்டி திடீரென நின்றுபோகும்.

2022-இல் நேர்ந்த தீ விபத்துகளுக்குப் பின் மத்திய அரசு வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. அதன் பரிந்துரைப்படி, பதிவு பெறும் மின் இருசக்கர வண்டிகளுக்கான ஏ.ஐ.எஸ். 156 என்னும் தரவரையறை கடுமையாக்கப்பட்டது. கலங்கள், பி.எம்.எஸ்., வண்டியில் உள்ள மின்னேற்றி, ஒரு கலத்தின் தீ மற்றவற்றிற்குப் பரவாமை ஆகியவற்றுக்கான விதிகள் 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. எங்கோ ஒரு மூலையில் பழைய கலங்களைப் பொறுக்கிக் கட்டிய பெயரில்லா அடுக்கு இத்தகைய எந்தச் சோதனையையும் கண்டதில்லை. உங்கள் வண்டி பதிவு தேவைப்படாத வகையாயினும், இந்தத் தரச்சான்று உள்ள அடுக்கையே கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும் முறை

லித்தியம் கலங்களை வாங்கி வீட்டில் அடுக்காகக் கட்டும் முயற்சி வேண்டாம். ஆயத்தமாக வாங்கிய அடுக்கை, பழகிய மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பொருத்துவதே நல்லது. அருகில் நின்று பின்வருவனவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் சாவியை அணைத்து, மின்னேற்றியைக் கழற்றியபின்பே வேலையைத் தொடங்க வேண்டும். மோதிரம், வளையல், உலோகக் கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். அடுக்கின் அகத்தடை 0.1 ஓம் என்று கொண்டாலும், அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழுந்தால் ஓமின் விதிப்படி 54 ÷ 0.1 = 540 ஆம்பியர் பாயும். வெல்டிங் பட்டறையில் இரும்பை உருக்கும் மின்னோட்டமே இதைவிடக் குறைவு! கருவிகளின் பிடிகளில் காப்புறை இருக்கட்டும். கழற்றிய ஒவ்வொரு முனையையும் உடனே காப்பு நாடாவால் மூடுங்கள்.

புதிய அடுக்கின் நேர்முனை, எதிர்முனைகளை மல்டிமீட்டரால் உறுதி செய்த பிறகே இணைக்க வேண்டும். சிவப்புக் கம்பி என்பதால் நேர்முனைதான் என்று நம்பிவிடலாகாது. முனைகள் மாறினால் ஒரு நொடியில் கட்டுப்படுத்தி எரிந்துபோகும்.

அடுக்கிற்கு மிக அருகிலேயே, நேர்முனைக் கம்பியில் ஃபியூஸ் இருக்க வேண்டும். அது நேர்மின்னோட்டத்திற்கு உரியதாக இருக்கட்டும். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொட்டுச் செல்வதால் அதில் எழும் தீப்பொறி தானே அணையும். மின்கலத்தின் நேர்மின்னோட்டம் சுழியைத் தொடுவதே இல்லை. பொறி வில்லாக நீண்டு நிற்கும்.

கடைசி இணைப்பைக் கொடுக்கும்போது "சட்" என்று ஒரு பொறி பறப்பதுண்டு. பலர் இதைக் கண்டு அஞ்சுவர். கட்டுப்படுத்தியினுள் உள்ள மின்தேக்கி வெறுமையாக இருந்து திடீரென நிரம்புவதே இதற்குக் காரணம். ஒரு 100 ஓம் மின்தடை வழியாக ஓரிரு நொடி தொட்டுவிட்டு, பிறகு நேராக இணைத்தால் பொறி எழாது. மின்னோட்டம் அரை ஆம்பியர் அளவில் அடங்கிவிடும். இணைப்பு முனைகளும் கருகாது.

லித்தியம் அடுக்கு சிறியதாகையால் பெட்டியில் இடம் மிஞ்சும். அது குலுங்கினால் நாளடைவில் கம்பிகளின் உறை தேய்ந்து மின்குறுக்கு ஏற்படும். பட்டையால் இறுக்கிக் கட்டி, மழைநீர் புகாதவாறு வைக்க வேண்டும்.

வேகத்தைக் கூட்டலாமா?

"60 வோல்ட் போட்டால் வண்டி பறக்கும்" என்று சிலர் ஆசை காட்டுவர். நிலைக்காந்த மோட்டாரின் வேகம் ஏறக்குறைய மின்னழுத்தத்தோடு நேர்விகிதத்தில் மாறும்; 48-க்கு 25 கிலோமீட்டர் என்றால் 60-க்கு 31 கிலோமீட்டர். அந்த ஆறு கிலோமீட்டருக்காக நீங்கள் கொடுக்கும் விலை என்ன? முழு ஏற்றத்தில் 60 வோல்ட் அடுக்கு தரும் உயர் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தியின் மின்தேக்கிகள் தாங்காமல் போகலாம். சட்டமும் பிரேக்கும் அந்த வேகத்திற்கு அமைந்தவை அல்ல. பதிவு வேண்டாம் என்ற சட்டச் சலுகையும் போய்விடும்.

எங்கே மின்னேற்றுவது?

ஓடி வந்த வண்டி ஆறும்வரை பொறுத்து, பிறகு மின்னேற்றுங்கள். படுக்கையறையிலோ, வாசற்கதவை ஒட்டியோ, மாடிப்படியின் கீழோ வைக்க வேண்டாம். தீப்பற்றினால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். லித்தியம் தீயின் புகை நச்சுத்தன்மை கொண்டது. தீயை அணைக்க முயல்வதைவிட எல்லோரும் வெளியேறுவதே முதற்கடமை. அனைவரும் உறங்கும் நேரத்தில் மின்னேற்றுவதைத் தவிர்த்துவிடுங்கள். உப்பிய, ஒழுகும், தீய்ந்த வாடை வரும் அடுக்கை மீண்டும் பயன்படுத்தவே கூடாது.

கழற்றிய பழைய அடுக்கைக் குப்பையில் எறிவதும், காரீயத்திற்காக வீட்டு முற்றத்தில் உருக்குவதும் பெருந்தீங்கு. காரீய நஞ்சு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய அடுக்குகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விப்பது உற்பத்தியாளரின் பொறுப்பு. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதற்குரிய விலையைக் கழித்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை பேட்டரிக் கடைக்குச் செல்லும்போது, "எத்தனை வோல்ட்?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வகைக் கலம், எத்தனை கலங்கள் தொடரில், முழு ஏற்றத்தில் எத்தனை வோல்ட், பி.எம்.எஸ். எத்தனை ஆம்பியர் தாங்கும், இதற்குரிய மின்னேற்றி எது என்ற ஐந்து கேள்விகளையும் கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவான விடை சொல்லும் கடையில் வாங்குங்கள். விடை சொல்லாத கடையில், விலை எவ்வளவு மலிவாயினும் வாங்காமல் திரும்புங்கள்.